கேப்டன் ஃபிக்ரியின் வெள்ளிக்கிழமை மூடுபனி

“கண்ணை மூடாதீங்க கேப்டன்.”

“நான் மூடலை டாக்டர். அதுவா மூடிக்குது.”

“அப்ப அதுகிட்ட சொல்லி வைங்க, இந்த டாக்டர் கோபக்காரின்னு.”

நடுவர்கள் உடை மாற்றும் அறையின் சிமெண்ட் தரையில் முழங்காலிட்டிருந்தாள் டாக்டர் ரிஹாம். அவளுடைய இடது கை விரல்கள் கேப்டன் ஃபிக்ரியின் இமைகளைப் பிரித்துப் பிடித்திருந்தன. வலது கையில் பொம்மை அம்பின் நுனியைப் போல ஒரு சின்ன ரப்பர் உறிஞ்சி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கால்பந்து நடுவர் ஃபிக்ரியின் கழுத்தில் விசில் ஆடிக்கொண்டிருந்தது; அந்த ஊரில் நடுவரையும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எகிப்தின் தமியாத் நகரத்தில் பாதி திரண்டு வந்து, ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டிருந்தது.

“குருடன்... குருடன்... குருடன்...”

கத்துகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் பாதி முடிகிற நேரத்தில், எல்லைக் கோட்டோரம் தண்ணீர் பாட்டிலோடு குனிந்து நின்ற ஆளுக்குக் கேப்டன் ஃபிக்ரி மஞ்சள் அட்டை காட்டியிருந்தார். அந்த ஆள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, “நான் என்ன பண்ணினேன்?” என்று அழாத குறையாகக் கேட்டதை மைதானமே பார்த்தது.

மைதானம் மட்டுமா? மேல் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவரும் பார்த்தார். நடுவர் குழுவிலிருந்து வந்த பார்வையாளர் அவர். இன்றைக்கு அவர் திருப்தியோடு எழுந்து போனால் ஃபிக்ரிக்கு அடுத்த பருவம் மேல் பிரிவு ஆட்டங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனால் விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, தான் வேலை பார்க்கும் பக்கத்து ஊர் ஃபாரஸ்கூர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் மட்டும் சொல்லிக் கொடுக்கலாம். விசில் அங்கேயும் உண்டுதான். ஆனால் அதைக் கேட்டு யாரும் நிற்க மாட்டார்கள்.

ரிஹாம் உறிஞ்சியை லென்ஸின் மேல் வைத்து மெல்ல இழுத்தாள். லென்ஸ் அசையவில்லை. கண்தான் கூடவே வந்தது.

“இதை யாராவது ஏற்கெனவே இழுத்தீங்களா?”

கதவோரம் கொடியோடு நின்ற துணை நடுவர் பயூமி, கூரையில் ஏதோ சுவாரசியமாக இருப்பதுபோல மேலே பார்த்தான்.

“பயூமி.”

“சும்மா ஒரு தடவை டாக்டர். நடுவுல ஒட்டி, லேசா...”

“கிணத்துல வாளியா இறைக்கிறே? நடுவுல இழுத்தா இன்னும் இறுகிக்கும். ஓரத்துலதான் நெம்பணும்.”

“நான் கொடி பிடிக்கிற ஆளு டாக்டர். கண் பிடிக்கிற ஆளா?”

ரிஹாம் உறிஞ்சியை எடுத்தாள். கீழிமையின் விளிம்பை விரலால் அழுத்தி, லென்ஸின் ஓரத்தை வெள்ளைவிழியிலிருந்து பிரித்தாள். ஒரு சின்னக் காற்றுக்குமிழி உள்ளே நழுவியது. பிடி தளர்ந்தது. உறிஞ்சியை நனைத்துக் கீழ் ஓரத்தில் ஒட்டி, மேல்நோக்கிச் சாய்த்தாள். சட்டி மூடியைத் திறந்ததுபோல லென்ஸ் வெளியே வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ஃபிக்ரி.

“இன்னும் ஒரு கண் இருக்கு. அதுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க.”

ஃபிக்ரிக்குக் கண் பார்வையில் குறை என்று சொல்வதைவிட, கண்ணின் வடிவத்தில் குறை என்பதுதான் சரி. உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி, கூம்பாக முன்னால் பிதுங்கியிருந்தது. கண்ணாடி போட்டாலும் ஒரு பந்து மூன்று பந்தாகத்தான் தெரியும். எந்தப் பந்து கோலுக்குள் போனது என்று வாக்கெடுப்பா நடத்த முடியும்? அதனால்தான் ரிஹாம் அவருக்கு ஸ்க்லீரல் லென்ஸ் பொருத்தினாள். சாதாரண லென்ஸைவிடப் பெரியது, கருவிழியைத் தொடாமல் தாண்டிப்போய் வெள்ளைவிழியின் மேல் உட்காரும். கிண்ணம் மாதிரியான அதன் குழிக்குள் உப்புநீர் நிரப்பி அணிய வேண்டும். அந்த நீர் கருவிழியின் கோணல்மாணல்களை எல்லாம் நிரவிவிடும். உலகம் நேராகும்.

பொருத்துவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. முதல் லென்ஸ் ஓரத்தில் அழுத்தி, வெள்ளைவிழியில் சிவப்பு வளையம் போட்டது. இரண்டாவது அளவுக்கு மேல் உயர்ந்து நின்றது. பச்சைச் சாயம் கலந்த நீரை உள்ளே விட்டு, நீல வெளிச்சத்தில் இடைவெளியைப் பார்த்துப் பார்த்து, மூன்றாவதில்தான் ரிஹாம் திருப்தியானாள். அன்று ஃபிக்ரி கிளினிக்கின் ஜன்னலில் நின்று, நைல் நதியின் அக்கரையில் ஒரு தச்சுப் பட்டறையின் பெயர்ப்பலகையை எழுத்து எழுத்தாக வாசித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

வாரம் முழுக்க லென்ஸ் பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் மட்டும் உள்ளே மூடுபனி. முதல் விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்து, இடைவேளைக்குள் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். சனிக்கிழமை காலை கிளினிக் வாசலில் வந்து நிற்பார்.

“மறுபடியும் குருடன்னாங்க டாக்டர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கேட்காத மாதிரி இருந்துட்டேன். காதுமா போச்சுன்னு நினைச்சிருப்பாங்க.”

ரிஹாம் விடவில்லை. தூசியா என்று பார்த்தாள். ஒவ்வாமையா என்று இமையைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தின் வழியாகக் கண்ணின் கொழுப்பும் கசடும் உள்ளே கசிகிறதா என்று விளிம்பை மாற்றிச் செய்ய வைத்தாள். ஒருநாள் கிளினிக் திறந்ததிலிருந்து மூடும்வரை அவரை அங்கேயே உட்கார வைத்தாள். காத்திருப்பவர்களின் சண்டைகளுக்கு நடுவராக இருந்துகொண்டு, டீ குடித்தபடி, பொழுது சாயும்வரை அவர் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸில் ஒரு பொட்டு பனி இல்லை.

லென்ஸுக்கு நாள், கிழமை தெரியுமா என்ன? தெரியாது என்றால், வெள்ளிக்கிழமை இந்த மனிதர் ஏதோ செய்கிறார். அதை நேரில் பார்த்துவிடுவது என்றுதான் இன்று பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் பின்வாசல் வழியாக வந்திருந்தாள்.

முன்வாசல் வழியாக வராததற்கு ஒரு காரணம் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கத்துக் கூச்சலில், எல்லாக் குரல்களுக்கும் மேலே எழும்பிய ஒரு கட்டைக் குரல் அவளுக்குப் பழக்கமானது. பிறந்ததிலிருந்தே கேட்ட குரல். அவளுடைய அப்பா ஹாஜி மித்வல்லி.

ஹாஜி மித்வல்லி அலமாரி செய்கிறவர். ஊருக்கெல்லாம் செய்து கொடுத்ததில், சொந்த வீட்டுக்கு ஒரே ஒரு அலமாரிதான் மிஞ்சியது. அவருடைய வெள்ளிக்கிழமை ஜிப்பாவும் மகளின் வெள்ளைக் கோட்டும் அதில்தான் தோளோடு தோள் உரசித் தொங்கும். அவருக்கு உயிருக்கு உயிரானது ஊரின் துறைமுக அணி. ஜென்ம எதிரி கேப்டன் ஃபிக்ரி. அந்த எதிரி தன் மகளிடம்தான் வைத்தியம் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நோயாளியைப் பற்றி வீட்டில் பேசும் வழக்கம் ரிஹாமுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு வெள்ளி மாலையும் சாப்பாட்டு மேஜையில் அப்பா, “அந்தக் குருடனை யாராவது என் பொண்ணுகிட்ட கூட்டிட்டு வாங்கப்பா” என்று சொல்லும்போது அவள் ரொட்டியை மெல்லுவதிலேயே கவனமாக இருப்பாள்.

இப்போது இரண்டாவது லென்ஸும் கழன்று வந்துவிட்டது. ரிஹாம் ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, உப்புநீர்க் குப்பியின் மூக்கைத் திருகி இரண்டு சொட்டு விட்டாள்.

நீர் பரவவில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டது.

அவள் அப்படியே நின்றாள். நெய் வழித்த தட்டைக் கழுவாமல் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் ஓடும். உள்ளே இருந்த கலங்கல் கண்ணின் கசடு மட்டும் இல்லை.

“எண்ணெய்” என்றாள்.

“என்ன எண்ணெய்?” என்றார் ஃபிக்ரி.

“அதைத்தான் நான் கேட்கிறேன். ஆட்டத்துக்கு முன்னாடி காலுக்கு ஏதாவது தேய்ச்சீங்களா?”

“இல்லை.”

“தலைக்கு?”

“தலையில தேய்க்கிற அளவுக்கு முடி எங்க இருக்கு டாக்டர்?”

“சாப்பாடு? நெய் வடியிற ஃபதீர் ரொட்டி எதையாவது கையால பிச்சு...”

“வயித்துல ஒண்ணுமில்லை. பயத்துல காலைலேர்ந்து தண்ணிகூட இறங்கலை.”

பயூமி தொண்டையைக் கனைத்தான். “டாக்டர், தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“நீ சொல்றதே பாதி தப்பாத்தான் இருக்கும். சொல்லு.”

“கேப்டன் கை நல்லா கமகமன்னு இருக்கு. உள்ளே வந்ததிலேர்ந்து யோசிச்சுட்டிருக்கேன், இதே வாசனை வேற எங்கேயோ அடிக்குதேன்னு.” அவன் கொடியால் அவளைச் சுட்டினான். “உங்க கோட்டுலதான் அடிக்குது.”

வெளியே கூட்டம் கத்துவது இன்னும் தெளிவாகக் கேட்டது.

“எனக்கு நாலு பிள்ளைங்க” என்றார் ஃபிக்ரி அவசரமாக.

“இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் கேப்டன்” என்றாள் ரிஹாம். “வெள்ளிக்கிழமை ஊர்ல பாதிப் பேர் கை இந்த வாசனைதான் அடிக்கும். கையைக் கொடுங்க.”

அவள் அவருடைய கையை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தன் வீட்டு வாசனை தன் மூக்குக்கு எப்போது தெரிந்திருக்கிறது? ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவருடைய புறங்கையில் அழுத்தித் துடைத்து ஜன்னலில் காட்டினாள். காகிதத்தில் எண்ணெய்க் கறை கண்ணாடி போலத் துலங்கியது.

“அத்தர்” என்றாள். “எண்ணெயும் வாசனையும் சேர்ந்தா வேற என்ன? தொழுகையில தடவினாங்களா?”

“ஆமா. மைதானத்துப் பக்கத்துப் பள்ளிவாசல்ல. வாரா வாரம் ஒரு பெரியவர் வரிசையா எல்லார் கையிலயும் தடவிக்கிட்டே போவார்.”

“அந்தக் கையோடவா லென்ஸ் மாட்டினீங்க?”

“கழுவினேனே.”

“என்ன போட்டு?”

ஃபிக்ரி கழுவு தொட்டியைப் பார்த்தார். அங்கே ஒரு குழாய் இருந்தது. சோப்பு இருந்ததற்கான தடயம் மட்டும் இருந்தது.

“சரி. லென்ஸைக் காலைல வீட்டுலயே மாட்டிட்டு வரவேண்டியதுதானே? மத்த நாள் அப்படித்தானே செய்யறீங்க?”

“நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, நேரம் ஆக ஆகத்தான் பனி கட்டும்னு. அதான் வெள்ளிக்கிழமை குளிச்சு முடிச்சு, லென்ஸை டப்பாவுல வச்சு பாக்கெட்டுலயே கொண்டு வருவேன். தொழுகையெல்லாம் முடிச்சு, ஆட்டத்துக்குன்னு மிச்சம் பிடிச்சு இங்க வந்து போட்டுக்குவேன்.”

ரிஹாம் கண்ணை மூடித் திறந்தாள். மாதக்கணக்காக விளிம்பை மாற்றினாள், உயரத்தை மாற்றினாள், தூக்கத்தைத் தொலைத்தாள். இந்த மனிதர் தெளிவைச் சேமித்து வைத்திருக்கிறார், பண்டிகைத் துணி மாதிரி.

“யார் அந்தப் பெரியவர்?”

“முகம் எங்க தெரிஞ்சுது? லென்ஸ்தான் பாக்கெட்டுல இருக்கே. மூணு முகம் தெரிஞ்சுது. மூணும் சிரிச்சுது.”

கதவு தட்டப்பட்டது. அணிகள் தயார் என்று ஒரு குரல்.

ரிஹாம் பையிலிருந்து வாசனை கலக்காத சோப்பை எடுத்து அவரிடம் கொடுத்தாள். மூன்று முறை கழுவ வைத்தாள். தானும் கழுவினாள். லென்ஸைச் சுத்தம் செய்யும் திரவத்தால் தேய்த்து, உப்புநீரால் அலசினாள். மறுபடியும் இரண்டு சொட்டு விட்டாள். இந்த முறை நீர் மென்மையாகப் பரவி ஒட்டிக்கொண்டது.

“குனியுங்க. முகம் தரையைப் பார்க்கணும். கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி.”

லென்ஸைப் புது உப்புநீரால் விளிம்பு ததும்ப நிரப்பிக் கண்ணுக்குக் கீழிருந்து மேலே கொண்டுபோனாள். கதவு மறுபடியும் தட்டப்பட்டது. ஃபிக்ரி திடுக்கிட்டுத் தலையை ஆட்டினார். நீர் பாதி சிந்தியது. டார்ச் அடித்துப் பார்த்தாள். நடுவில் பிறைநிலா போலக் காற்றுக்குமிழி.

“கழட்டணும்.”

“பரவாயில்லை டாக்டர், ஒரு ஓரமாத்தானே...”

“அந்த ஓரத்துல ஒருத்தன் ஆஃப்சைடு நிப்பான். கழட்டணும்.”

கழற்றினாள். நிரப்பினாள். பயூமி போய்க் கதவில் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். “உள்ளே கேப்டன் தியானத்துல இருக்கார்” என்று வெளியே கத்தினான். இரண்டாவது முறை லென்ஸ் ஒரு சொட்டும் சிந்தாமல் போய் உட்கார்ந்தது. அடுத்த கண்ணும் அப்படியே. டார்ச்சில் குமிழி இல்லை.

ஃபிக்ரி நிமிர்ந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

“இந்தச் சுவத்துல ஏதோ எழுதியிருக்கே” என்றார்.

“படிக்காதீங்க” என்றான் பயூமி. “உங்களைப் பத்தித்தான்.”

இரண்டாம் பாதியை ரிஹாம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். கேப்டன் ஃபிக்ரி ஓடிய விதமே வேறாக இருந்தது. முன்பு பந்தைத் தேடி ஓடியவர், இப்போது பந்து வரப்போகும் இடத்தில் போய் நின்றார். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், துறைமுக அணியின் தடுப்பாட்டக்காரன் கூட்டத்துக்கு நடுவே பந்தை முழங்கையால் தட்டிவிட்டான். ஒரு கணம்தான். பக்கத்தில் நின்றவர்களே கவனிக்கவில்லை. ஃபிக்ரி வெகுதூரத்திலிருந்து விசில் ஊதி, பெனால்டி புள்ளியைச் சுட்டிக் காட்டினார். எல்லோரும் அந்தத் தடுப்பாட்டக்காரனைப் பார்த்தார்கள். அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டான். அதுவே போதுமானதாக இருந்தது.

துறைமுக அணி தோற்றது. கட்டைக் குரல் ஒன்று கடைசிவரை ஓயவில்லை.

ஆட்டம் முடிந்து, பார்வையாளர் அறைக்குள் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஃபிக்ரியை மேலும் கீழும் பார்த்தார்.

“முதல் பாதி ஆடினது உங்க தம்பியா?”

ஃபிக்ரி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டாம் பாதியை மட்டும் பார்த்திருந்தா, இன்னிக்கே மேல எழுதி அனுப்பியிருப்பேன். முதல் பாதியை மட்டும் பார்த்திருந்தா, தண்ணி கொடுத்தவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன். அடுத்த வெள்ளி வர்றேன். ரெண்டு பாதியையும் நீங்களே ஆடுங்க.”

அவர் போனதும் ஃபிக்ரி பெஞ்சில் தளர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னிக்குத்தான் டாக்டர் அவங்க முகத்தையெல்லாம் பார்த்தேன். நடுவுல ஒரு பெரியவர், வெள்ளை ஜிப்பா, எம்பி எம்பிக் கத்துறார். எவ்வளவு உழைப்பு. அவருக்காகவாவது ரெண்டு பெனால்டி கொடுக்கணும் போல இருந்தது.”

ரிஹாம் பையை மூடுவதில் மும்முரமாக இருந்தாள். “அடுத்த வெள்ளியைக் கவனிங்க. காலைல வீட்டுலயே மாட்டிட்டு வாங்க. ஆட்டத்துக்கு முன்னாடி இங்க ஒரு தடவை கழட்டி, புது நீர் நிரப்பி மாட்டினா இன்னும் நல்லது. அதுக்குக் கை சுத்தமா இருக்கணும். அத்தர் லேசுல போகாது, பார்த்தீங்கல்ல? அந்தப் பெரியவர்கிட்ட கையை நீட்டாதீங்க.”

“அது மட்டும் முடியாது டாக்டர். வயசானவர், அன்பா கையைப் பிடிச்சுத் தடவுறார். இழுத்துக்கிட்டா மனசு ஒடிஞ்சு போயிடும். விசில் போனாலும் பரவாயில்லை, அதை என்னால செய்ய முடியாது.”

“அவர் பேரையாவது கேட்டு வைங்க. நான் பேசிக்கிறேன்.”

“நீங்க பேசினா கேட்பாரா?”

“கண் டாக்டர் சொன்னா யாரும் கேட்பாங்க” என்றாள் ரிஹாம்.

வீட்டுக்கு வந்தபோது மாலை மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. வாத்து வறுவலின் மணத்தையும் மீறிக்கொண்டு ஹாஜி மித்வல்லியின் குரல் படிக்கட்டிலேயே கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. வருத்தம் மட்டும் குறையவில்லை.

“வா கண்ணு, உட்காரு. உன்கிட்ட நியாயம் கேட்கணும். முதல் பாதியில தண்ணிக்காரனுக்கு அட்டை காட்டினவன், ரெண்டாம் பாதியில மைல் தூரத்துலேர்ந்து முழங்கையைப் பார்க்கிறான். இது எந்த ஊர்க் குருட்டுத்தனம்? நீ டாக்டர், நீயே சொல்லு.”

“முழங்கையில பட்டுச்சா பாபா?”

ஹாஜி வாத்துக் காலைத் திருப்பி வைத்தார். “பட்டுச்சு. அது வேற விஷயம்.”

ரிஹாம் சிரித்துக்கொண்டே வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மாட்டுவதற்காக அலமாரியைத் திறந்தாள். அப்பாவின் ஜிப்பாவைத் தள்ளி இடம் பண்ணியபோது, அதன் பைக்குள் இருந்த ஏதோ கதவில் மோதி ‘டிங்’ என்றது. விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சீசா. பாதிக்கு மேல் காலி.

உங்க கோட்டும் கேப்டன் கையும் ஒரே வாசனை என்று பயூமி சொன்னது இப்போதுதான் முழுசாக அவள் காதில் விழுந்தது.

“பாபா.” அவள் திரும்பாமலே கேட்டாள். “இன்னிக்குத் தொழுகை எங்க?”

“மைதானத்துப் பக்கத்துலதான். ஆட்டம் இருக்கிற வெள்ளியெல்லாம் அங்கதானே? ஏன்?”

“எல்லாருக்கும் அத்தர் தடவினீங்களா?”

“தடவாம? உங்க அம்மா போனதிலேர்ந்து அவ பேர்ல செய்யறேனே. ஆளுக்கு ஒரு சொட்டு.”

“அந்த நடுவருக்குமா?”

ஹாஜி மித்வல்லி பிடிபட்டவரைப் போலத் தாடியைச் சொறிந்தார்.

“பள்ளிவாசலுக்குள்ள பகை பார்க்க முடியுமா? முதல் வரிசையில வந்து, அப்பாவி மாதிரி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு மட்டும் வாரா வாரம் கொஞ்சம் கூடுதலாவே தடவுவேன், ரெண்டு கைக்கும்.”

“ஏன் பாபா?”

“ஏன்னா? ‘ஆண்டவனே, இந்த மனுஷனுக்குக் கண்ணைத் திறந்து விடு’ன்னு சொல்லிச் சொல்லித்தானே தடவுறேன்.”